பழைய வைத்திய நூலை மெய்ப்புப் பார்க்க ஒரு பிராம்ப்ட்: செய்முறைப் பதிவு

1930களில் சென்னையில் அச்சான வீட்டு வைத்திய நூல் ஒன்றைக் கணினியில் தேடிப் படிக்கக்கூடிய யூனிகோடு உரையாக மாற்றும் வேலையை நண்பர் ஒருவருடன் சேர்ந்து செய்துவருகிறேன். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி நூலை வெளியிடத் தடை ஏதும் இல்லை. பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து உரையாக எடுத்தாயிற்று. எஞ்சியிருப்பது மெய்ப்புப் பார்க்கும் வேலை. அதன் முதல் சுற்றைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் உதவியாளரிடம் ஒப்படைக்க முடியுமா, முடியுமென்றால் அதற்கு எப்படிப்பட்ட பிராம்ப்ட் (உதவியாளருக்கு எழுதித் தரும் கட்டளை) எழுத வேண்டும் என்பதே இந்தப் பதிவின் பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட உதவியாளர்களில் முயன்று பார்த்தேன். தரத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், பிராம்ப்டை மாற்றும்போது விடை மாறும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே எது எந்த நிறுவனத்தினுடையது என்பதை இங்கே பேசப் போவதில்லை.

முதலில் பிழைகளின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். பிராம்ப்டின் பாதி அதிலிருந்துதான் பிறந்தது. தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிடுவதற்கு முன், ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருந்தது. ணை, லை, ளை, னை ஆகியவை முன்புறம் மேலெழும் வளைவுடன் அச்சிடப்பட்டன. அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகள் அன்று வடிவம் மாறின. இன்றைய எழுத்துணரி பழைய வடிவங்களை ஓரளவு படிக்கிறது. ஆனால் ஒரே மாதிரியாகத் தவறுகிறது. ‘என்றால்’ என்பது ‘என்ருல்’ ஆகிறது, ‘ஆனால்’ என்பது ‘ஆனுல்’ ஆகிறது, ‘கண்ணாடி’ என்பது ‘கண்ணுடி’ ஆகிறது. ‘காலை மாலை இருவேளை’ என்ற தொடர் ‘காலே மாலே இருவேளே’ என்று வந்து நிற்கிறது. பழைய நூல்களை மின்னுரையாக்கும் வேலையில் ஈடுபட்டவர்கள் எல்லோருக்கும் இவை பழகிய முகங்கள்.

‘என்ருல்’ போன்றவை எளியவை, ஏனென்றால் அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. தேடி மாற்றும் சிறிய நிரலே அவற்றைத் தீர்த்துவிடும். சிக்கல் ‘பாலே’, ‘அவனே’, ‘நாளே’ போன்றவற்றில் இருக்கிறது. ‘பாலை’ என்பது தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம். அச்சிலேயே ஏகாரத்துடன் ‘பாலே’ என்று இருந்திருக்கவும் கூடும். இதைத் தீர்மானிக்க வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நிரலால் இயலாத அந்த வேலைக்காகத்தான் உதவியாளரை நாடினோம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் சோதனைப் பக்கம் ஒன்றைத் தயார் செய்தோம். உரைநடையும், அளவுகளுடன் கூடிய மருந்துச் செய்முறையும், நைந்து எழுத்து மறைந்த ஒரு மூலையும் உள்ள பக்கமாகத் தேர்ந்தெடுத்து, ஸ்கேனுடன் ஒப்பிட்டு நாங்கள் இருவரும் தனித்தனியே கையால் திருத்தி, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்து, அதை விடைத்தாளாக வைத்துக்கொண்டோம். பிராம்ப்டில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் இந்தப் பக்கத்தில் ஓட்டி, வரும் விடையை விடைத்தாளுடன் கோப்பு ஒப்பீட்டு நிரலில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இந்த ஏற்பாடு இல்லாமல் பிராம்ப்ட் எழுதுகிறவர்கள், கடைசியாகப் படித்த விடை நன்றாக இருந்தது என்ற உணர்வை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். உதவியாளரின் தமிழ் சரளமாக இருப்பதால் அந்த உணர்வு எளிதில் ஏமாற்றிவிடும்.

ஒப்பீட்டுக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே ஒற்றை வரியில் தொடங்கினோம்: ‘இந்தத் தமிழ் உரையில் உள்ள பிழைகளைத் திருத்துக.’ வந்த விடை படிக்க அழகாக இருந்தது. ‘என்ருல்’, ‘ஆனுல்’ ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் ‘உபயோகிக்கவும்’ என்பது ‘பயன்படுத்தவும்’ ஆகியிருந்தது. நீண்ட வாக்கியங்கள் இரண்டிரண்டாக உடைந்திருந்தன. பலம் என்ற பழைய அளவில் இருந்த எடைகள் யாரும் கேட்காமலே கிராமுக்கு மாறியிருந்தன. நைந்த மூலையில் எழுத்துணரி உளறியிருந்த இடத்தில் முழுமையான, பொருள் பொதிந்த, அச்சில் இல்லாத ஒரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது.

எல்லாவற்றையும் விட மோசமானது ஒரு செய்முறை வரி. அச்சில் இருந்தது ‘சுக்கு பலம் க, மிளகு பலம் உ, திப்பிலி பலம் ச’. இங்கே க, உ, ச என்பவை எழுத்துகளல்ல. முறையே 1, 2, 4 என்ற எண்கள். தமிழ் எண்களில் ௧ என்பது ககரத்தையும், ௨ என்பது உகரத்தையும், ௪ என்பது சகரத்தையும், ௭ என்பது எகரத்தையும், ௮ என்பது அகரத்தையும் ஒத்திருப்பதால், எழுத்துணரி அவற்றை எழுத்தாகவே படித்துவைக்கிறது. உதவியாளர் அவற்றை ஒட்டிக்கொண்ட குப்பை என்று கருதி நீக்கிவிட்டு, ‘சுக்கு, மிளகு, திப்பிலி ஆகியவற்றை வகைக்கு ஒரு பலம்’ என்று எழுதியிருந்தது. திரிகடுகத்தை மூன்றும் சம அளவாகச் சேர்ப்பதே பெருவழக்கு என்பதால், விவரம் தெரிந்தவர் கூட அந்த வரியைச் சந்தேகப்படாமல் கடந்துபோவார். சுக்கும் மிளகும் போனால் போகட்டும். இதே நூலில் நச்சுத்தன்மையுள்ள நேர்வாளமும் சேங்கொட்டையும் சேரும் மருந்துகள் இருக்கின்றன, அங்கே எண் மாறுவது விளையாட்டல்ல.

இந்த நடத்தையில் வியப்பில்லை. இத்தகைய உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் பெருந்தொகையான உரையைப் பயின்று, அடுத்து வரக்கூடியதைக் கணித்து எழுதுபவை. ‘பிழை திருத்துக’ என்ற சொல்லுக்கு அவை கண்ட பெரும்பாலான எடுத்துக்காட்டுகள், இன்றைய நடைக்கு உரையைச் செப்பனிடும் வேலையாகவே இருந்திருக்கும். எங்களுக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு: நூலாசிரியரின் நடை, அச்சகத்தின் எழுத்துக்கூட்டல், அச்சுப் பிழை உட்பட அனைத்தும் அப்படியே நிற்க, எழுத்துணரி செய்த பிழை மட்டும் போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை ஒற்றை வரியிலிருந்து உதவியாளர் அறிய வழியில்லை.

அடுத்த வடிவத்தில், உரை எங்கிருந்து வந்தது என்பதை எழுதினோம். அச்சான காலம், பழைய எழுத்துருவங்கள், எழுத்துணரி படித்த உரை என்ற செய்தி, வெளியீட்டின் நோக்கம் ஆகிய நான்கையும் மூன்று வாக்கியங்களில் சொன்னதுமே நவீனப்படுத்தும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது. ‘நீங்கள் ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள தமிழறிஞர்’ என்பது போன்ற வேடம் கட்டும் முன்னுரைகளையும் முயன்றோம். இப்படித் தொடங்கச் சொல்லும் அறிவுரை எங்கும் காணக் கிடைக்கிறது. எங்கள் வேலையில் அது தீங்கையே செய்தது. தமிழறிஞர் என்று சொல்லப்பட்ட உதவியாளர் ஆசிரியரின் சந்தியையும் திருத்தத் தொடங்கியது. வேடத்தை எடுத்துவிட்டு ஆவணத்தின் வரலாற்றை வைத்தது அதைவிடப் பயன் தந்தது.

தடைகளை எழுதும் விதத்திலும் கவனம் தேவைப்பட்டது. ‘நவீனப்படுத்த வேண்டாம், சுருக்க வேண்டாம், சேர்க்க வேண்டாம், அலகை மாற்ற வேண்டாம்’ என்று அடுக்கிய பட்டியல் ஓரளவே பலித்தது. பட்டியலில் இல்லாத புதிய வகை மாற்றம் ஒன்று எப்போதும் முளைத்தது. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதை நேர்மறையாக வரையறுத்தோம்: ‘அச்சில் இருந்த எழுத்து வரிசையை மீட்பதே வேலை. ஒரு மாற்றம் எழுத்துணரி தவறாகப் படித்ததால் நேர்ந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் அதைச் செய்க.’ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணத்தைக் கட்டாயமாக்கும் இந்த வாக்கியம், நீண்ட தடைப் பட்டியல் செய்யாததைச் செய்தது. அலகு, எண் பற்றிய தடை மட்டும் தனியே நீடிக்கிறது, ஏனென்றால் அது பொதுவிதியில் அடங்காத ஆபத்து.

எடுத்துக்காட்டுகளைச் சேர்த்த கட்டம்தான் எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தது. சில எடுத்துக்காட்டுகளைப் பிராம்ப்டிலேயே தந்தால் மாதிரி அந்தப் போக்கைப் பின்பற்றும் என்பதை 2020இல் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை விரிவாகக் காட்டியது. நாங்கள் முதலில் வைத்தவை எல்லாம் திருத்தம் நிகழ்ந்த இணைகள்: ‘காலே — காலை’, ‘வேளே — வேளை’, ‘இலே — இலை’. விளைவாக, கண்ணில் பட்ட ஏகாரமெல்லாம் ஐகாரமாகியது. ‘பசுவின் பாலே உத்தமம்’ என்ற நல்ல வாக்கியம் ‘பசுவின் பாலை உத்தமம்’ என்று குலைந்தது. மாதிரிக்கு நாம் தருவது விதியன்று, போக்கு. எல்லா இணையிலும் மாற்றம் இருந்தால், மாற்றுவதே போக்கு என்று அது கொள்கிறது. மாறாமல் நிற்க வேண்டிய எடுத்துக்காட்டுகளையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்த்தபின் இந்தக் கோளாறு அடங்கியது. ஒரே சொல்லில் ஒன்று மாறி ஒன்று நிற்கும் ‘ஒருவேளே — ஒருவேளை’ போன்றவை மிகவும் உதவின: அங்கே ‘ரு’ உண்மையான ரு, ‘ளே’ மட்டும் பிழை.

இதனுடன் ஓர் இலக்கணக் குறிப்பையும் தந்தோம். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வரும் வல்லினம் மிகும். உறுதிப் பொருளில் வரும் தேற்ற ஏகாரத்துக்குப் பின் மிகாது. எனவே ‘பாலேக் காய்ச்சி’ என்று ஒற்றுடன் இருந்தால் அது ‘பாலைக் காய்ச்சி’ என்பது உறுதி. பள்ளிக்கூடத்தில் சலிப்புடன் படித்த விதி, இங்கே எழுத்துணரியின் பிழையைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது. உதவியாளருக்கு இந்த விதி தெரியாமல் இல்லை. ஆனால் அது இந்த வேலைக்குப் பயன்படும் என்பதை நாம் சொல்லும்வரை அதை எடுத்துப் பயன்படுத்தவில்லை.

ஒற்று இல்லாத இடங்கள் உண்டு. பழைய அச்சில் ஒற்று மிகுவது ஒரே சீராக இல்லை. பத்தியம் சொல்லும் பக்கத்தில் ‘பாலே கொடுக்கவும்’ என்று ஒரு வரி வந்தது. பாலைக் கொடுக்கச் சொல்கிறாரா, பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காதே என்கிறாரா? இரண்டும் வைத்தியத்தில் நடக்கக்கூடியவை. இங்கே உதவியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவதைவிட, தேர்ந்தெடுக்காமல் விடுவதே எங்களுக்கு வேண்டும். அதற்காக, தீர்மானிக்க இயலாத இடத்தில் இரு வாசிப்புகளையும் சாய்கோட்டுடன் தரவும், படிக்கவே இயலாத இடத்தில் [?] என்ற குறியிடவும் அனுமதித்தோம். ‘இத்தகைய குறிகள் குறையாகக் கருதப்படமாட்டா, ஊகித்து நிரப்புவதே குறை’ என்றும் சேர்த்தோம். அந்த வாக்கியம் இருக்கும்போதும் இல்லாதபோதும் நைந்த மூலையை ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: இல்லாதபோது கற்பனை வாக்கியம், இருக்கும்போது வரிசையாக [?]. (அந்தப் ‘பாலே’ ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஏகாரம்தான்.)

விடுபட்ட பிழையையும் தவறான திருத்தத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ‘என்ருல்’ என்று எஞ்சிநிற்கும் பிழை அடுத்த சுற்றில் எவர் கண்ணிலும் குத்தும். ‘வகைக்கு ஒரு பலம்’ என்பது எவர் கண்ணிலும் குத்தாது. ஆகவே எதை மாற்றலாம் என்பதில் பிராம்ப்டைக் கஞ்சத்தனமாகவே வைத்திருக்கிறோம்; அதனால் சில பிழைகள் தப்பிச் செல்வதை ஏற்றுக்கொண்டோம்.

விடையின் வடிவம் பற்றிய பகுதி சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாதது. வரிகளுக்கு எண் கொடுத்து அனுப்பி, அதே எண்களுடன் திருப்பிக் கேட்டோம். அச்சுப் பக்கத்தின் வரி முறிவை அப்படியே வைத்ததால், ஒரு வரி காணாமல் போனால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மாற்றங்கள் செய்தாய் என்று உதவியாளரைக் கேட்பதில் பயனில்லை. அது எழுத்துகளை நம்மைப் போல ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, டோக்கன் என்னும் துண்டுகளாகப் பார்க்கிறது. எனவே அது சொல்லும் எண்ணிக்கையும் உண்மையான வேறுபாடுகளும் பொருந்துவதில்லை. எண்ணும் வேலை ஒப்பீட்டு நிரலுக்கே உரியது.

டோக்கன் என்றதும் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு போதும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, ‘கொ’ போன்ற உயிர்மெய் இரண்டு குறிகளாகி 6 பைட்டு. எல்லா மாதிரிகளும் பைட்டுகளை நேரடியாக எண்ணுவதில்லை என்றாலும், ஒரே செய்திக்குத் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்களை விழுங்குவது பொதுவான நிலை. ஒரு முழு அத்தியாயத்தைக் கொடுத்தால் தொடக்கத்தில் ஒழுங்காகத் திருத்திவந்த உதவியாளர் போகப்போகத் தளர்ந்து வரிகளைச் சுருக்கியது. ஒரு தடவைக்கு ஒரே பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய உரையாடல் என்ற கட்டுப்பாடு அதைத் தீர்த்தது. பழைய உரையாடலிலேயே தொடர்ந்தால், முந்தைய பக்கத்தில் நாம் ஏற்றுக்கொண்ட ஒரு திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் அதையே நுழைக்கும்.

பிராம்ப்டை ஆங்கிலத்தில் எழுதினால் நல்லது என்று பலர் சொல்வதால் அதையும் சோதித்தோம். திருத்தத்தின் தரத்தில் எங்கள் பக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் குறிப்புகள் ஆங்கிலத்துக்குத் தாவின, மூலிகைப் பெயர்களுக்குப் பக்கத்தில் தாவரவியல் பெயர்கள் கேளாமலே வந்து ஒட்டின. தமிழிலேயே தங்கிவிட்டோம்.

இப்போது பயன்படுத்தும் வடிவம், எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் குறைத்து, இதுதான்:

‘கீழே கோடுகளுக்கு இடையில் இருப்பது, 1930களில் அச்சான தமிழ் வைத்திய நூல் ஒன்றின் பக்கத்தை எழுத்துணரி மென்பொருள் படித்துத் தந்த உரை. நூலில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை 1978க்கு முந்தைய வடிவில் உள்ளன; மென்பொருள் அவற்றைப் பெரும்பாலும் ணு, ரு, னு, ணே, லே, ளே, னே என்று படித்திருக்கிறது. அச்சில் இருந்த எழுத்து வரிசையை மீட்பதே வேலை. எழுத்துணரியின் தவறான வாசிப்பு என்று காட்ட முடிந்த இடத்தை மட்டும் மாற்றுக. ஆசிரியரின் சொல், நடை, சந்தி, பழைய எழுத்துக்கூட்டல் அப்படியே நிற்கட்டும். அளவுப் பெயரை அடுத்துத் தனித்து நிற்கும் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய ஆகியவை தமிழ் எண்களாக இருக்கலாம்; அவற்றைத் தொடாமல், அந்த வரியின் முடிவில் [எண்] என்று குறிக்க. இரு வாசிப்புகளும் பொருந்தினால் இரண்டையும் சாய்கோட்டுடன் தருக. படிக்க இயலாததற்கு [?] இடுக. இக்குறிகள் குறையல்ல; ஊகித்து நிரப்புவதே குறை. எடுத்துக்காட்டுகள்: பாலேக் காய்ச்சி — பாலைக் காய்ச்சி. பசுவின் பாலே உத்தமம் — மாற்றம் இல்லை. ஒருவேளே — ஒருவேளை. ஆனுல் — ஆனால். மருந்து — மாற்றம் இல்லை. வரி எண்களை மாற்றாமல், திருத்திய உரையை மட்டும் தருக. முன்னுரையும் முடிவுரையும் வேண்டாம்.’

உரைக்குப் பின், கடைசியில், ‘மேலுள்ள விதிப்படி, வரி எண்களுடன் தருக’ என்று ஒரு வரி மீண்டும் வருகிறது. நீண்ட உரைக்கு முன்னால் சொன்ன விதிகள் சற்று மங்கும்போது இந்த நினைவூட்டல் உதவுகிறது.

ஐயமான இடங்களைப் பின்னர் விசாரிக்கும் முறைக்கும் ஒரு சொல். ‘இது சரிதானா?’ என்று கேட்டால் உதவியாளர் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விடையை மாற்றிவிடும். சரியாக இருந்ததையும் மாற்றும். கேள்வியில் நம் சந்தேகம் தொனிக்காமல், ‘பாலே, பாலை ஆகிய இரண்டில் ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக வாக்கியத்தில் உள்ள சொல்லைச் சுட்டுக’ என்று கேட்டால் பயனுள்ள விடை வருகிறது. அது சொல்லும் காரணத்தையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. சுட்டிய சொல் அந்த வரியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருட்படுத்துகிறோம்.

பிராம்ப்டின் ஒவ்வொரு வடிவத்தையும் தேதியிட்ட தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். உதவியாளரின் மாதிரி புதுப்பிக்கப்படும்போது பழைய பிராம்ப்டே வேறு மாதிரி நடந்துகொள்வதால், சோதனைப் பக்கத்தை அவ்வப்போது மறுபடி ஓட்டுகிறோம். [எண்] என்று குறிக்கப்பட்ட வரிகள் எதுவும் இயந்திரத்தின் கையால் முடிவாவதில்லை. ஒருவர் ஸ்கேனைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சு செய்து திருப்பிப் படிக்கிறார். கால், அரை, முக்காலுக்குரிய பழைய பின்னக் குறிகள் 2019இல் வந்த யூனிகோடு 12.0இல் இடம்பெற்றிருந்தாலும், நாங்கள் பயன்படுத்தும் எழுத்துணரி அவற்றைத் தருவதில்லை; அவையும் இந்தச் சுற்றில்தான் கையால் சேர்கின்றன.

நூலின் பிற்பகுதியில் வரும் செய்யுள்களுக்கு இந்தப் பிராம்ப்ட் பொருந்தவில்லை. எதுகையும் சீரும் கண்ணில் பட்டதும் உதவியாளர் ஓசைக்காகச் சொற்களை இட்டு நிரப்பத் தொடங்குகிறது; காட்டப்பட்ட காரணம் இன்றி மாற்றாதே என்ற விதியும் அங்கே தளர்ந்துபோகிறது. அந்தப் பக்கங்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டோம். அவற்றைப் பழைய முறைப்படி, ஸ்கேனை ஒரு பக்கமும் உரையை மறுபக்கமும் திறந்துவைத்து, கையாலேயே பார்த்துவருகிறோம்.